நாமக்கல் மாஸ்டரின் கை

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் எங்கப்பா நடத்திய பிரேம் கடையிலிருந்து எந்தப் படமும் பொட்டில்லாமல் வெளியே போனதில்லை. சட்டம் அடித்து, கண்ணாடி போட்டு, பின்பக்கம் அட்டை வைத்துக் குட்டி ஆணிகளால் இறுக்கி, கடைசியாகத் துணியால் ஒரு துடை துடைத்ததும் அவர் கை தானாக மேஜை டிராயருக்குப் போகும். அங்கே ஒரு சந்தனக் கிண்ணம், ஒரு குங்குமச் சிமிழ். கண்ணாடிமேல் ஒரு தொடுதல், அதன்மேல் இன்னொரு தொடுதல். சாமி படமா, கல்யாணப் படமா என்றெல்லாம் பார்க்க மாட்டார். போலீஸ் ஸ்டேஷனில் மாட்டுவதற்காக வந்த குரூப் போட்டோவில் எல்லாக் காவலருக்கும் தனித்தனியாக வைத்தார். ஏட்டுக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக. பள்ளிக்கூடத்துக்குப் போன இந்திய வரைபடத்தில் நாக்பூருக்கு வைத்தார். டாக்டர் ஒருவர் கொடுத்த உள்ளுறுப்புப் படத்தில் கல்லீரலுக்கு வைத்தார்.

"ஏனுங்கப்பா, கல்லீரலுக்கு எதுக்குங்க பொட்டு?"

"கண்ணாடி போட்டாச்சில்ல?"

அவருடைய உலகத்தில் பொருள்கள் இரண்டே வகை. கண்ணாடி போட்டது, போடாதது. அதற்கு மேல் என்னிடம் விவாதிக்க மாட்டார். நான் சேலத்தில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். விவாதம் என்று வந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லாத ஆள் என்று அவருக்குத் தெரியும்.

மே மாத லீவுக்கு நான் மலையேறி வந்தபோது ஊர் கோடை விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி எல்லாம் வருஷா வருஷம் உண்டு. அந்த எண்பத்து நாலாம் வருஷம் புதிதாக ஓவியக் கண்காட்சி என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். நாய்களுக்கு ஒதுக்கியிருந்த ஏரிக்கரை ஹாலில் கூரை ஒழுகியதால் நாய்களை வேறு நல்ல இடத்துக்கு மாற்றிவிட்டு, ஓவியங்களுக்கு அதைக் கொடுத்தார்கள்.

இந்தச் செய்தியால் ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தூக்கம் போனது. எங்கள் கடைக்கு அடுத்த ஹோட்டல் ராமசாமியின் மகள் அமுதா. என்னோடு பள்ளியில் படித்தவள். பெயிலாகி ஒரு வருஷம், வீட்டில் சும்மா ஒரு வருஷம் போக, இப்போது மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. இடம் கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டார்கள். ராமசாமி கொடுக்கவில்லை.

அவர் கல்லாவில் உட்கார்ந்து அந்தத் தீர்ப்பைச் சொன்னபோது நானும் அங்கே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிர் ஹோட்டல் முதலாளி பெருமாளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தினமும் காலையில் இங்கேதான் சாப்பிடுவார். வேவு பார்க்க வருகிறார் என்று ராமசாமிக்குத் தெரியும். காசு கொடுப்பதால் விட்டுவைத்திருந்தார்.

"படம் வரையறதுக்கு ஒரு காலேஜு, அதுக்கொரு ஆஸ்டலு, அதுக்கொரு மெட்ராஸு," என்றார் ராமசாமி. "இத பாரு கண்ணு. நம்ம ஊர்ல சுவத்துல ஆணி அடிக்கறது மூணு பேத்துக்குத்தான். சாமி, செத்தவங்க, ஓட்டு வாங்கற தலைவருங்க. நாலாவதா உம்பட படத்துக்குன்னு எவனாச்சும் ஒருத்தன் அவன் ஊட்டுச் சுவத்துல ஆணி அடிச்சான்னு வெச்சுக்க, அன்னைக்கே உன்னைய மெட்ராஸுக்கு பஸ் ஏத்தி உடறேன்."

"நெசமாவா?"

"பெருமாளு சாட்சி."

"நான் சாட்சிங்க," என்றார் பெருமாள், ஐந்தாவது இட்லியை உடைத்தபடி. "மாவு என்னமா பொங்கி இருக்குதுங்க ராமசாமி. நாமக்கல்காரரு கையே கை."

நாமக்கல் மாஸ்டரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போன பழைய மாவு மாஸ்டர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அதன்பின் ராமசாமி நாமக்கல்லிலிருந்து ஒருவரை வரவழைத்திருப்பதாக ஊரில் பேச்சு. பெரிய கைராசிக்காரர். கூச்ச சுபாவம். விடியற்காலையில் சமையல்கட்டைத் தாழ் போட்டுக்கொண்டுதான் ஆட்டுவார். யாரும் அவரைப் பார்த்ததில்லை. இட்லியை மட்டும் பார்த்திருக்கிறார்கள். பெருமாள் அவரைத் தன் ஹோட்டலுக்கு இழுக்க மூன்று மாதமாக ஆள் மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் அமுதா ஹோட்டலுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் படத்தைக் காட்டினாள். ஒரு ஆள் உயரத்துக்குக் கனத்த தாள். அதில் ஓர் ஆட்டுக்கல். சாதாரண ஆட்டுக்கல்தான். ஆனால் சமையல்கட்டு ஜன்னலின் விடியல் வெளிச்சம் அந்தக் கறுத்த கல்லின் வளைவில் வழுக்கி இறங்கி, நின்றிருந்த குழவியின் தலையில் ஏறி நின்றது. கீழே கல்லின் முன்விளிம்பில் நுரைத்து வழியும் மாவு. மாவைத் தள்ளிவிடும் ஒரு பருத்த வலது கை. அந்தக் கையின் மோதிர விரலில் கோவைப்பழம் மாதிரி ஒரு பவழ மோதிரம்.

அந்த மோதிரம் ஏற்காட்டில் ஒருவரிடம்தான் உண்டு. கழற்றவே கூடாது என்று ஜோசியர் சொல்லியிருந்தார். அவர் அதைக் கல்லா மேஜையில் தட்டித்தான் சர்வரைக் கூப்பிடுவார்.

"நாமக்கல் மாஸ்டரா இது?" என்றேன்.

"ம்."

"வெளிய தெரிஞ்சா உங்கப்பா உன்னையக் கொன்னு போட்டுருவாரு. முதலாளி மாவாட்டறாருன்னு பெருமாளு மலை பூரா தண்டோரா போடுவாரு. அந்த மோதரத்தையாச்சும் உட்டுருக்கக் கூடாதா?"

"இருந்துச்சு, வரைஞ்சேன்," என்றாள். "அவரு எங்கடா கண்காட்சிக்கு வரப்போறாரு? கல்லாவை உட்டு எந்திரிச்சு நான் பாத்ததே இல்ல. நீ நல்ல சட்டமாப் போட்டுக் குடு."

நல்ல சட்டமாகத்தான் போட்டிருப்பேன். மார்க் ஷீட் வாங்கச் சேலம் போய், கொண்டை ஊசி வளைவில் பழுதான பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு நான் வந்து சேர்வதற்குள் எங்கப்பா போட்டு முடித்துவிட்டார். வேட்டியில் சுற்றி வைத்திருந்தார். திறப்பு விழாவன்று காலையில் நானும் அமுதாவும் ஹாலில் அதை மாட்டிவிட்டு வேட்டியை அவிழ்த்தோம்.

மாவைக் காணோம். கையைக் காணோம். படத்தின் கீழ்ப்பகுதியே இல்லை. ஆட்டுக்கல்லின் அகன்ற வட்டமும் அதன் நடுவில் நிமிர்ந்த குழவியும் மட்டும் பளபளத்த கண்ணாடிக்குள் தனியே நின்றன. குழவியின் நெற்றியில், அதற்கு நெற்றி என்று ஒன்று இருந்தால், சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

பின்னாலேயே சுத்தியலோடு வந்திருந்த எங்கப்பாவை நான் திரும்பிப் பார்த்தேன்.

"கீழ மாவு சிந்தி அசிங்கமா இருந்துச்சு கண்ணு," என்றார் அவர் அவளிடம், பெருமையாக. "கையி வேற குறுக்க வந்துருச்சு. போட்டோவுல எவனாச்சும் குறுக்க கையை நீட்டுனா உள்ள மடிச்சு உட்டுருவமில்ல, அப்படி மடிச்சு உட்டுட்டேன். இப்பப் பாரு, லட்சணமா இருக்குது."

பிரிக்க நேரமில்லை. மெட்ராஸிலிருந்து வந்த ஓவிய நிபுணர் ஜோல்னாப் பையுடன் ரிப்பனை வெட்டிக்கொண்டிருந்தார்.

கண்காட்சியில் மற்ற படங்களும் உண்டு. எஸ்டேட் அம்மாக்கள் வரைந்த ஏரிகள், பள்ளிப் பிள்ளைகள் வரைந்த தாமரைகள், ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் வரைந்த புலி. பூனை நன்றாக இருக்கிறது என்று பாராட்டியவர்களை அவர் கையைப் பிடித்து அருகே அழைத்துப்போய் உடம்பில் உள்ள கோடுகளைக் காட்டினார். சட்டம் எல்லாம் எங்கள் கடைதான். ஆகவே ஏரிகளுக்குப் பொட்டு, தாமரைக்குப் பொட்டு, புலிக்கும் பொட்டு. நிபுணர் புலியின் முன் நெடுநேரம் நின்று, "இந்தச் சிவப்புப் புள்ளியில்தான் ஓவியம் மூச்சு விடுகிறது," என்றார். ஏரிக்கு முன் நின்றும் அதையே சொன்னார். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு புதுத் தம்பதி சுற்றிப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள எல்லாம் வித்துப் போச்சா?" என்று வருத்தத்தோடு வெளியே போய்விட்டார்கள். விற்ற படத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவது மெட்ராஸ் கண்காட்சிகளின் வழக்கம் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நான் தொண்டர் பேட்ஜ் குத்திக்கொண்டு, 'படங்களைத் தொடாதீர்கள்' என்ற பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். தொடுவதற்கு ஆள் வந்தால்தானே. சாயங்காலம் தூறல் பிடித்தது. கிளியூரிலிருந்து பூக்கண்காட்சி பார்க்க வந்த சின்னையனும் அவர் மனைவி முத்தாயியும் நனையாமலிருக்க உள்ளே ஏறினார்கள். சின்னையன் தலைத்துண்டை உதறினார். ஏரிகளைப் பார்த்தார். புலியைப் பார்த்து, "பூனை," என்றார். திரும்பினார். ஆட்டுக்கல்லைப் பார்த்ததும் அப்படியே வெளியே போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

"அட, லிங்கமா இங்கயும் வந்துட்டாரா," என்றார் கைகூப்பி.

முத்தாயி மடியில் முடிந்து வைத்திருந்த கனகாம்பரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "சாமி, இதை அவருக்கு வெச்சு உடு."

'தொடாதீர்கள்' பலகைக்கு அருகில் நின்றுகொண்டு அதை எப்படி மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டத்தின் மேல் செருகினேன். அதோடு என் தொண்டு திசை மாறிவிட்டது.

மறுநாள் காலையில் ஹால் வாசலில் செருப்புக் குவியல். மதியத்துக்குள் கற்பூரம். மலர்க் கண்காட்சியில் பரிசு வாங்கிய டேலியாக்கள் பரிசுச் சீட்டோடு இங்கே வந்து சேர்ந்தன. வெள்ளக்கடை கிராமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் மூன்று மூன்று பேராக வந்தார்கள். பெருமாள் ஹால் வாசலில் தேங்காய் பழக் கடை போட்டுவிட்டார். விழாக் கமிட்டி முதலில் பதறியது. பிறகு கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஓவியக் கலைக்கு மலைமக்கள் பேராதரவு என்று பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தது. புலி வரைந்த பெரியவர் மட்டும் தன் படத்தை ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் மாற்றி மாட்டச் சொல்லி என்னை நச்சரித்தார். மாட்டினேன். புலிக்கும் கொஞ்சம் விபூதி கிடைத்தது.

அதற்கும் மறுநாள் ராமசாமியே வந்தார். கல்லாவை மனைவி சரஸ்வதியிடம் ஒப்படைத்துவிட்டு, தலைக்குக் குளித்து, ஈரம் சொட்ட, தாம்பாளத்தோடு வந்தார். அமுதா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் படத்தைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பொங்கலிலிருந்து தினம் விடியலில் கட்டிப் பிடித்து மல்லுக்கட்டும் தன் சொந்த ஆட்டுக்கல்லை அவர் கண்ணீரோடு பார்த்தார். பிறகு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அந்த உடம்பு விழுந்ததில் புலி கொஞ்சம் சாய்ந்தது.

எழுந்து மகளைப் பார்த்தார். "நீயா வரைஞ்சே?"

"ஆமாங்கப்பா."

"இந்த உருவத்தை நான் பாத்திருக்கறேன் கண்ணு. தெனமும் விடியக்காலம் கண்ணு முன்னால வந்து நிக்குது. வெளிய சொல்லலை."

"தெனமுமாங்கப்பா?"

"தெனமும். பாத்தாலே தோளெல்லாம் ஒரு வலி வலிக்கும் பாரு. பரவசம்."

எனக்கு அவசரமாக ஜன்னல் பக்கம் போய் ஏரியைப் பார்க்க வேண்டியிருந்தது. அமுதா அசையாமல் நின்றாள். "அப்ப மெட்ராஸுக்குப் போலாங்களாப்பா?"

ராமசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் அவருக்குள் இருந்த கல்லாக்காரர் திரும்பி வந்துவிட்டார். "ஆணி?"

"இந்தா, சுவத்துலதானே தொங்குது."

"இது கமிட்டி அடிச்ச ஆணி. இது யாரு ஊடு? சொன்னாச் சொன்னதுதான் கண்ணு. ஊட்டுச் சுவரு."

அன்றிலிருந்து வரிசையை ஒழுங்குபடுத்துவது, சுண்டல் கொடுப்பது எல்லாம் ராமசாமியின் பொறுப்பில் போனது. அமுதா வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். படத்தை எடுத்துக்குங்க, காசு வேண்டாம், ஊட்டுல மாட்டுனாப் போதும். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"அதெப்படி கண்ணு," என்றார் சின்னையன். அவர் மூன்றாம் முறையாக வந்திருந்தார். "எங்கூட்டுல கோழி அடிப்போம். பன்னிக்கறி எடுப்போம். இவரை உள்ள வெச்சுக்கிட்டு அதெல்லாம் முடியுமா? சுத்தபத்தமா இருக்கோணுமில்ல. இங்க வந்து கும்பிட்டுட்டு அங்க போயித் தின்னுக்கறம், அதான் ரெண்டு பேத்துக்கும் நல்லது."

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் கொஞ்சம் ஆசைப்பட்டார். அவர் மனைவி, "கருவாடா, சாமியா?" என்று கேட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் தானே பதிலும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"ஊரே கும்படுது, ஒருத்தரும் மாட்ட மாட்டேங்கறாங்க," என்றாள் அமுதா. ஹால் படியில் உட்கார்ந்து சுண்டலை ஒவ்வொன்றாக ஏரியில் எறிந்துகொண்டிருந்தாள். "பூனை வரைஞ்ச பெரியவரு கூட அதை வித்துட்டாரு. அவரு மச்சானுக்கு."

"புலி," என்றேன்.

"வாயை மூடு மாதேசு."

விழாவின் கடைசி நாள் கமிட்டி கூடியது. கூடியது என்றால், கற்பூரப் புகைக்கு நடுவில் ராமசாமியும் பெருமாளும் சத்தம் போட்டார்கள், மற்றவர்கள் கேட்டார்கள். படத்துக்கு ஒரு சின்ன மண்டபம் கட்டுவது முடிவாகிவிட்டது. எங்கே என்பதுதான் சண்டை. ராமசாமி தன் ஹோட்டலை ஒட்டி என்றார். பெருமாள் தன் ஹோட்டலை ஒட்டி என்றார். வெளியூர் பக்தர்கள் வந்தால் முதலில் எந்த இட்லி கண்ணில் படும் என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

"மண்டபத்துச் சுவரு ஊட்டுச் சுவருல சேருங்களாப்பா?" என்று கேட்டாள் அமுதா.

"அது எப்படிச் சேரும் கண்ணு. அது பொது."

"அப்ப இனி எப்பவுமே யாரு ஊட்டுலயும் மாட்ட மாட்டாங்க."

"அவரு இஷ்டம்," என்று ராமசாமி படத்தைக் காட்டினார்.

அமுதா என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "கொறடு குடு."

பிரேம் கடைக்காரன் மகன் சட்டைப் பையில் குறடு இல்லாமல் இருக்க மாட்டான். "எதுக்கு?" என்றேன். எதுக்கு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் ஸ்டூலில் ஏறிப் படத்தை இறக்கினாள். டேலியாக்கள் உதிர்ந்தன. குப்புற வைத்து, பின்பக்கம் கீழ்வரிசை ஆணிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கூட்டம் ஒருவர் தோள்மேல் ஒருவராக எட்டிப் பார்த்தது. எங்கப்பா மட்டும், "மெதுவா கண்ணு, கண்ணாடி," என்றார். அவள் உள்ளே மடித்திருந்த தாளைச் சட்டத்துக்கு அடியில் இழுத்து வெளியே விட்டு, படத்தைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள்.

சட்டத்துக்குக் கீழே நாக்கு மாதிரி தாள் தொங்கியது. அதில் மாவு. மாவில் ஒரு கை. கையில் ஒரு மோதிரம்.

"அட," என்றார் சின்னையன். "ஆட்டாங்கல்லு."

"மாவு நொம்ப நல்லாப் பொங்கியிருக்குது பாருங்க," என்றார் முத்தாயி.

ராமசாமி சட்டென்று வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கொண்டுபோகாமல் இருந்திருந்தால் ஒருவேளை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பெருமாள் படத்துக்கு அருகே குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"ஏனுங்க ராமசாமி. வலது கையைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"எதுக்குங்க?"

"சும்மாதானுங்க. ரேகை பாக்கலாம்னு."

"எனக்கு ரேகையில நம்பிக்கை இல்லைங்க."

"நாமக்கல் மாஸ்டருக்கு நான் ஆளு மேல ஆளு உட்டேன். ரூம்பு தர்றேன், வருசத்துக்கு ரெண்டு ஜோடி துணி தர்றேன்னு சொல்லி உட்டேன். வர முடியாதுன்னு அவரு சொன்னதா நீங்கதானே வந்து சொன்னீங்க?"

ராமசாமி கொஞ்சம் யோசித்தார். "அவரு வர முடியாதுன்னுதானுங்க சொன்னாரு," என்றார்.

சிரிப்பு முதலில் வெள்ளக்கடை ஆட்களிடமிருந்து வந்தது. பிறகு அது ஹாலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தேங்காய்க் கடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. நான்கு நாள் கும்பிட்டது ஆட்டுக்கல்லையா என்று யாரோ முகம் சுளித்தபோது, சின்னையன் செருப்பைத் தேடியபடியே சொன்னார்: "ஏன், ஆயுதபூசைக்கு ஆட்டாங்கல்லுக்குப் பொட்டு வெச்சுக் கும்படறதில்லையா? கொஞ்சம் முன்னாடியே கும்பிட்டுட்டோம். இப்ப என்ன?"

பெருமாள் படத்தின் மேல் கை வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் பார்த்ததில்லை. "கண்ணு அமுதா. இதை எனக்குக் குடு. எங்கூட்டு முன் ரூம்புல, வாசலுக்கு நேரா மாட்டறேன். வர்றவங்க போறவங்க எல்லாம் பாக்கட்டும்."

"ஆணி அடிச்சுங்களா?"

"ரெண்டு ஆணி அடிக்கறேன்."

"எடுத்துக்குங்க," என்றாள் அமுதா.

"கையை எடுங்க பெருமாளு," என்றார் ராமசாமி.

"படம் எனக்குக் குடுத்தாச்சுங்க."

"எம்பட கை அது."

"நாமக்கல்காரரு கையின்னு சொன்னீங்க?"

அதற்குப் பதில் சொல்ல ராமசாமி அங்கே இல்லை. படத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் ஏற்காட்டில் இன்னும் இருக்கிறார்கள். ஏரிக்காற்று படத்தைக் கப்பல் பாயாக்கி அவரைக் கொஞ்ச தூரம் படகுத்துறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அவர் சமாளித்து ரோட்டில் ஏறினார். சட்டத்துக்குக் கீழே தொங்கிய தாள் காற்றில் ஆட, அந்த மோதிரக் கை பின்னால் வந்த எல்லோருக்கும் டாட்டா காட்டிக்கொண்டே போனது. பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெருமாள். அவர் பின்னால் நான், பேட்ஜோடு. என் பின்னால் ஹால் கூட்டம் முழுதும். நிறைவு விழாவுக்காகக் காத்திருந்த நாதஸ்வர செட், சாமி புறப்பாடு என்று நினைத்து எழுந்து வாசித்தபடி சேர்ந்துகொண்டது. மேளம் வந்ததும் நாய்க் கண்காட்சி நாய்கள் சேர்ந்துகொண்டன. ஒண்டிக்கடை முனையில் சேலம் பஸ் நின்று வழிவிட்டது. டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுக் கும்பிட்டார். எல்லோருக்கும் கடைசியில் அமுதா. அவள் ஓடவில்லை. ஒரு கொய்யாப்பழம் வாங்கிக் கடித்துக்கொண்டு வந்தாள். யார் ஜெயித்தாலும் அவளுக்கு ஓர் ஆணி நிச்சயம்.

ராமசாமி வீட்டுக்குள் நுழைந்தார். சுத்தியல் எடுத்தார். ஆணி எடுத்தார். அடித்தார். ஆணி வளைந்தது. இன்னொன்று அடித்தார். அது தெறித்துப் போய்ப் பெருமாள் காலடியில் விழுந்தது. வீடு பழைய துரை ஒருவர் கட்டிய கருங்கல் வீடு.

"எங்கூட்டுச் சுவரு செங்கச் சுவருங்க," என்றார் பெருமாள் வாசல் நிலையைப் பிடித்து மூச்சு வாங்கியபடி. "வெண்ணெயாட்ட எறங்கும். குடுத்துருங்க."

"பெருமாளு, நீங்க ஊட்டுக்குப் போங்க."

"சாட்சிங்க நான். போகக் கூடாது."

மூன்றாவது ஆணியும் வளைந்தது. ராமசாமியின் நெற்றி வேர்வையில் காலையில் இட்ட விபூதி கோடு கோடாக இறங்கியது. எங்கப்பாதான் கடையிலிருந்து உளியோடு வந்தார். கல் இடுக்கில் துளை போட்டு, மரக்கட்டை இறக்கி, கட்டையில் ஆணியை ஒரே போடாகப் போட்டார். படத்தை மாட்டினார். நான்கடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். சட்டத்துக்குக் கீழே தாள் தொங்கிக்கொண்டிருந்தது.

"மறுபடி உள்ள மடிச்சு உட்டுரட்டுங்களா?" என்றார் ராமசாமியிடம். "ஆணி கைவசம் இருக்குது. கையி தெரியாது."

எல்லோரும் ராமசாமியைப் பார்த்தார்கள். ராமசாமி படத்தைப் பார்த்தார். இதுவரை அவர் அதை விழுந்து விழுந்து கும்பிட்டிருக்கிறாரே தவிர, படமாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். மணிக்கட்டில் மடிப்புக் கோடு விழுந்திருந்தது. விரல் இடுக்குகளில் மாவு வழிவதைக்கூட அவள் விடவில்லை. பெருவிரல் நகத்தில் போன மாசி மாதம் குழவி நசுக்கிய கருப்பு இருந்தது. அவர் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இதை எப்ப கண்ணு பாத்தே? கதவு தாழ் போட்டிருந்துச்சே."

"ஜன்னலு இருக்குதுங்களேப்பா."

"குளுருல வெளிய நின்னா வரைஞ்சே?"

"நீங்க மட்டும்?"

நாதஸ்வரக்காரர் வாசலில் ஒரு ராகத்தைத் தொடங்கிவிட்டு நிறுத்தினார்.

"மடிக்க வேண்டாங்க," என்றார் ராமசாமி எங்கப்பாவிடம். "பெரிய சட்டமாப் போட்டுருங்க. முழுசாத் தெரியட்டும்."

"அப்ப எனக்கு?" என்றார் பெருமாள்.

"நாளைக்குக் காலைல இட்லிக்கு வாங்க. நாமக்கல் மாஸ்டரை நேர்ல காட்டறேன்."

அமுதா கொய்யாவின் கடைசிக் கடியை விழுங்கிவிட்டு ஆணியைப் பார்த்தாள். "ஊட்டுச் சுவருங்களாப்பா?"

"ஊட்டுச் சுவரு."

"அடிச்சாச்சுங்களா?"

"நல்ல ஆணி கண்ணு," என்றார் பெருமாள். "நான் சாட்சி."

மறுநாள் முதல் சமையல்கட்டுக் கதவு திறந்தே இருந்தது. மாவாட்டுவதைப் பார்க்க டூரிஸ்டுகள் ஜன்னலில் நின்றார்கள். நாமக்கல் மாஸ்டர் கூச்ச சுபாவமெல்லாம் விட்டு அவர்களோடு பேசிக்கொண்டே ஆட்டினார். பெரிய சட்டம் போட்டதும் எங்கப்பா கண்ணாடியைத் துடைத்தார். அவர் கை டிராயருக்குப் போனது. இந்தத் தடவை பொட்டு குழவிக்கு இல்லை. அந்தப் பருத்த கையின் புறங்கையில் வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடி போட்டாச்சு.

ஜூன் மாதம் ஒரு மழைக் காலையில் அமுதா டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். ராமசாமி ஜன்னலோரம் நின்று இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் போனதும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் விசில் ஊதினார்.

"அங்க போயி எது வேணும்னாலும் வரை," என்றார், பஸ்ஸோடு நடந்தபடி. "எம்பட கையைக்கூட வரை. மோதரத்தை மட்டும் உட்டுரு கண்ணு."